நாய்க்கு வயிறு சரியில்லையா? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலை. எல்லாரும் தாமதமாக எழுகிறீர்கள். பின்கதவைத் திறந்தால், வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் நாயைக் காணோம். சிமெண்டுத் தரையில் இரண்டு இடத்தில் மஞ்சள் நுரையாக வாந்தி. வேலியோரம் தண்ணீராகக் கழிந்திருக்கிறது. விசாரித்தால் தெரிகிறது: நேற்று வந்த விருந்தினர் ஒருவர், “பாவம், அதுக்கும் தீபாவளிதானே” என்று ஆட்டுக்கறிப் பிரட்டலில் ஒதுக்கிய கொழுப்பையெல்லாம் தட்டோடு அதன் முன்னால் வைத்திருக்கிறார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. “இன்றைக்கு முழுக்கப் பட்டினி போடு, தண்ணீர்கூட வைக்காதே” என்கிறார் மாமா. “கொஞ்சம் கஞ்சி வைத்துப் பார்” என்கிறார் பாட்டி. “காய்ச்சலாக இருக்கும், பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமே” என்கிறார் அக்கா. மூன்றுமே அன்பில் வந்த யோசனைகள்தான். ஆனால் பாட்டி சொல்வதில் பாதிக்கு மேல் அறிவியல் இருக்கிறது. மாமா சொல்வதில் ஒரு பகுதி பழைய முறை, மறு பகுதி தவறு. அக்கா சொல்வது நாயின் உயிருக்கே ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வாந்தி. நாய் வாந்தி எடுக்கும்போது அதன் வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கட்டளை பிறக்கும் இடம் இரைப்பை அன்று, மூளை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளத்தில், இரத்தத்தில் கலந்துவரும் நச்சுகளை மோப்பம் பிடிப்பதற்கென்றே ஒரு சிறு பகுதி உண்டு. மூளையின் மற்றப் பகுதிகளை இரத்தத்திலிருந்து காக்கும் தடுப்பு அந்த இடத்தில் தளர்ந்திருக்கும். அதனால் இரத்தத்தில் வேண்டாத பொருள் வந்தால் அதற்கு உடனே தெரிந்துவிடும். குடலும் தன் பங்குக்கு நரம்பு வழியாக முறையீடு அனுப்பும். இரண்டில் எது வந்தாலும், “வெளியே தள்ளு” என்று வயிற்றுத் தசைகளுக்கு உத்தரவு போகும். நுரையில் தெரியும் மஞ்சள் நிறம் பித்தநீர். இரைப்பையில் உணவு எதுவும் மிச்சமில்லை என்பதற்கு அது அடையாளம்.

அடுத்தது கழிச்சல். ஒரு மனிதரின் குடலை எடுத்துக்கொள்வோம். குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் என்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர் குடலுக்குள் வந்து சேர்கிறது. மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். மீதி அனைத்தையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நாயிடமும் நடப்பது இதுதான், அளவுகள் மட்டும் அதன் உடலுக்கேற்ப மாறும். செரிக்காத கொழுப்பும், அதைச் சிதைத்துக் குடல் நுண்ணுயிர்கள் உருவாக்கும் பொருள்களும் இந்த உறிஞ்சும் வேலையைக் கெடுத்துவிடுகின்றன. குழாயை அடைக்காமல் வடிகாலை மட்டும் அடைத்தால் தொட்டி நிரம்பி வழியாதா? அதுதான் கழிச்சல்.

நல்ல செய்தி என்னவென்றால், குடலைப் போல வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு உடலில் வேறு அதிகம் இல்லை. சிறுகுடலின் உள்சுவரில் விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றின் அடிவாரத்தில் புதிய உயிரணுக்கள் பிறந்து, மேலேறி, உச்சியில் உதிர்கின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 நாட்கள். சாதாரண வயிற்றுக் கோளாறு இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே நாம் நாயைக் ‘குணப்படுத்துவதில்லை’. குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை அந்த உடல் வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

தண்ணீரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று தலைப்பில் சொன்னது அதனால்தான். நலமாக இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் வேண்டும். 10 கிலோ நாய் என்றால் அரை லிட்டருக்குச் சற்று மேல். வாந்தியிலும் கழிச்சலிலும் போவது இதற்கு மேற்பட்ட இழப்பு. நம் ஊர் வெயிலில் நாய் மூச்சிரைப்பதாலும் நீர் ஆவியாகிப் போகிறது. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்து அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது.

கவலைப்பட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. உடல் எடையில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக நீர் போனால் வெளியே எந்த அறிகுறியும் பெரும்பாலும் தெரியாது. 10 கிலோ நாய்க்கு 5 விழுக்காடு என்பது அரை லிட்டர். அதாவது, நீர் வற்றியிருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்போதே அரை லிட்டர் போய்விட்டது. 10, 12 விழுக்காட்டை எட்டினால் இரத்த ஓட்டமே நிலைகுலையும். ‘படுத்துத்தானே இருக்கிறது, சாயங்காலம் பார்ப்போம்’ என்று விடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டிக்கொண்டால் நீர் குறைந்திருக்கிறது. அதே ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். பிறகு தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. கூடாரம் போல நின்றுவிட்டு மெல்ல இறங்கினால் சரியில்லை. கிழட்டு நாய்க்கும் மிக மெலிந்த நாய்க்கும் தோல் எப்போதும் தளர்ந்தே இருக்கும் என்பதால், தோலை மட்டும் நம்பாதீர்கள். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. அப்போது கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கள். இதையெல்லாம் நாய் நலமாக இருக்கும் ஒரு நாளில், இன்றேகூட, ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். எது இயல்பு என்று தெரிந்தவருக்குத்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும். வலியில் இருக்கும் நாய், எவ்வளவு செல்லமாக இருந்தாலும், கடிக்கக்கூடும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

இனி மாமாவின் யோசனை. குடித்ததும் வாந்தி எடுக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தையே எடுத்துவிடுவது தவறு. கிண்ணம் நிறைய வைத்தாலும் தாகத்தில் ஒரே மூச்சில் குடிக்கும். இரைப்பை விரிந்து மறுபடி வாந்தி வரும். நடுத்தர நாய்க்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் வையுங்கள். தங்கினால் அரை மணி நேரம் கழித்து மீண்டும் அதே அளவு. ஒரு பனிக்கட்டியை நக்கக் கொடுப்பதும் நல்ல தந்திரம். வேகமாகக் குடிக்க முடியாது அல்லவா? வாந்தி நின்றபின் அளவைக் கூட்டலாம். கழிச்சல் மட்டும்தான், வாந்தி இல்லை என்றால் தண்ணீருக்கு அளவே வேண்டாம், எப்போதும் இருக்கட்டும்.

ஐசோடோனிக் பானம் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். அதில் சர்க்கரை அதிகம். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள் தங்கி, நீரை உடலிலிருந்து குடலுக்கு இழுத்துவிடும். ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதிய பானமோ இன்னும் மோசம். சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டோல் சேர்க்கிறார்கள். நமக்குத் தீங்கில்லாத அந்தப் பொருள், நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்திவிடும்.

அப்படியென்றால் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புநீரிலும் சர்க்கரை இருக்கிறதே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. குடற்சுவரில் ஒரு புரதக் கதவு உண்டு. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனால் நீரும் பின்னாலேயே போகும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் இராபர்ட் கிரேன் 1960-இல் இந்தக் கூட்டணியை விளக்கினார். 1971-இல், வங்காளதேசப் போரின் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பெருந்தொகையானோரைக் காப்பாற்றினார். இங்கே எல்லாமே அளவில்தான் இருக்கிறது. குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால் மருந்து. கைக்கு வந்தபடி உப்பையும் சீனியையும் அள்ளிப் போட்டால் கேடு. நாய்க்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்க நினைத்தால், கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சுவை சேர்க்காத பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டும் கரையுங்கள். பல நாய்கள் அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வெறும் தண்ணீரைக் குடித்தாலே போதும்.

பட்டினி பற்றி ஒரு காலத்தில் மருத்துவர்களே மாமாவைப் போலத்தான் சொன்னார்கள்: 24 மணி நேரம் குடலுக்கு ஓய்வு கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடற்சுவரின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதியை இரத்தத்திலிருந்து அல்ல, தம்மைக் கடந்துபோகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. உணவே வராவிட்டால் அவை மெலிந்துபோகும். 2003-இல் வெளியான ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வு, பார்வோ வைரஸ் தாக்கிய 30 நாய்களை இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வாந்தி நிற்கும்வரை உணவில்லை. மறு குழுவுக்கு, சேர்க்கப்பட்ட 12 மணி நேரத்திலிருந்தே மூக்குவழிக் குழாயில் உணவு. சீக்கிரம் உணவு பெற்ற நாய்கள்தாம் விரைவாகத் தேறின. அவை மருத்துவமனையில், குழாய் வழியாக உணவு பெற்றவை. வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நாயின் வாயில் சோற்றைத் திணிக்க இது அனுமதி ஆகாது. வளர்ந்த நாய் என்றால், கடைசி வாந்திக்குப் பிறகு சில மணி நேரம் விட்டு, கொஞ்சமாகத் தொடங்கலாம். கழிச்சல் மட்டும் என்றால் பட்டினியே தேவையில்லை.

இப்போது பாட்டியின் கஞ்சிக்கு வருவோம். ஓநாயின் வழித்தோன்றலுக்குச் சோறா என்று சிலர் சிரிப்பார்கள். 2013-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுத் தொகுதியை ஓநாயினுடையதோடு ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான ஒரு மரபணு, அவர்கள் பார்த்த ஓநாய்களிடம் 2 படிகளாகவே இருந்தது. நாய்களிடமோ 4 முதல் 30 படிகள்வரை! மனிதனின் குப்பைமேட்டையும் அடுப்படியையும் சுற்றி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நாயின் கணையத்தையே மாற்றியிருக்கின்றன. எனவே நன்றாகக் குழைய வெந்த வெள்ளைச் சோறு நாய்க்கு எளிதில் செரிக்கும். கொழுப்பு இல்லை, நார்ச்சத்தும் குறைவு.

சோறு மட்டும் போதாது, புரதமும் வேண்டும். தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு சோறு. உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. கோழிச் சுவைக் கட்டியைப் போட்டுக் கொதிக்கவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் உப்போடு வெங்காயத்தூளும் இருக்கலாம் என்பதால் அதுவும் ஆகாது. பால் ஊற்றிய கஞ்சி, தேங்காய்ப்பால் கஞ்சி இரண்டையும் விட்டுவிடுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் இலக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு. தேங்காய்ப்பாலோ முழுக்கக் கொழுப்பு. பாட்டியின் யோசனையில் திருத்தம் இவ்வளவுதான்.

முதல் தடவை ஒரு மேசைக்கரண்டி கொடுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தங்கினால், அந்த நாளுக்குரிய உணவை நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டி சேர்ப்பதும் நல்லது. அதன் கரையும் நாரைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் உயிரணுக்களுக்கு அவைதாம் விருப்பமான எரிபொருள்.

அக்காவின் யோசனைக்குப் பதில் சுருக்கமானது: வேண்டாம். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். நமக்கு எழுதிய அளவு அதற்குப் பொருந்தாது. ஐபுபுரோஃபென் இன்னும் மோசம், இரைப்பையில் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு கோலி போன்ற சில இன நாய்களின் மூளைக்குள் புகுந்து மயக்கிவிடும். போனமுறை மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையையும் தேடி எடுக்காதீர்கள். சாதாரணக் கழிச்சலுக்கு அது தேவையில்லை. குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழிக்கும். இன்னொன்று, நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த, தடுப்பூசி போட்ட, ஓரளவு உற்சாகமாக இருக்கும் நாய்க்குத்தான். நான் இரண்டாம் படிவம் படித்தபோது சாலையோரத்திலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்தோம். மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் வாந்தி, மறுநாள் இரத்தம் கலந்த கழிச்சல். கஞ்சி வைத்தோம், சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை கிளினிக் திறக்கும்வரைகூட அது தாங்கவில்லை. பார்வோ வைரஸாக இருந்திருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய அந்த வைரஸ், குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் பிறக்கும் உயிரணுக்களையே குறிவைத்துக் கொல்கிறது. மேலே உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழிருந்து புதியது வராது. குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கையே அங்கே செல்லாது. அதனால் தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் கழிச்சலுமாக இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வளர்ந்த நாயாக இருந்தாலும், தண்ணீரே தங்காவிட்டால், வாந்தி ஒரு நாளையும் கழிச்சல் இரண்டு நாளையும் தாண்டினால், மலத்தில் இரத்தம் தெரிந்தால் உடனே கிளினிக்குக்குக் கிளம்புங்கள். இரத்தம் எப்போதும் சிவப்பாக இருக்காது. இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் செரித்து, தார் போல் கறுத்துப் பிசுபிசுப்பாக வரும். பெரிய நாய் ஒன்று வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்து, வயிறும் உப்பினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது நிமிடக் கணக்கில் முடிவு செய்யவேண்டிய அவசரம். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தை உயர்த்தி, வணங்குவது போல நிற்கிறதா? கடுமையான வயிற்றுவலியின் அடையாளம் அது. ஆட்டுக்கொழுப்பு விருந்துக்குப் பிறகு என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். சாத்தே குச்சியையோ மாங்கொட்டையையோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும், பாயசத்து உலர்திராட்சையையோ சாக்லேட்டையோ தின்றிருந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். உப்பு கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது பழைய தவறு, உப்பே நஞ்சாகிவிடும். போகும்போது எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை கழிச்சல், எப்போது, என்ன நிறம் என்று தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மலத்தைப் படம் பிடித்துக் காட்டினால் மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார், மகிழ்வார்.

அசுத்தத்தை அள்ளுபவர் கையுறை போடட்டும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். நாய்க் கழிச்சலிலிருந்து சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நமக்கும் தொற்றும். பார்வோ சந்தேகம் இருந்தால் தரைக்குச் சவர்க்காரம் மட்டும் போதாது, நீர் கலந்த பிளீச் வேண்டும்.

நாய் தேறத் தொடங்கியதும் வீட்டில் புதுக் கவலை ஒன்று முளைக்கும்: “ஒன்றரை நாளாக மலமே கழிக்கவில்லையே!” பயப்பட ஒன்றுமில்லை. குடல் காலியாகிவிட்டது, சோற்றிலும் கோழியிலும் சக்கை குறைவு. வெளியே வர எதுவும் சேரவில்லை. உற்சாகமாக இருந்து, சிரமமில்லாமல் சிறுநீர் கழித்து, சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால் பொறுத்திருங்கள். மலம் திரண்டு வந்த நாளிலிருந்து பழைய உணவைக் கலக்கலாம்: முதலில் கால் பங்கு, மறுநாள் பாதி, அதற்கு அடுத்த நாள் முக்கால். நான்காம் நாள் அது தன் வழக்கமான கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். மிஞ்சிய பிரட்டலை அதற்குள் யாராவது சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.